இணைப்போர் கடன்

பிறர் செய்த பொருளைக் கொண்டு தன் பொருளை ஆக்குதல் மனித உழைப்பின் பழைமையான இயல்பாகும். தச்சன் ஆணியைத் தானே வார்ப்பதில்லை. கொத்தன் செங்கல்லைத் தானே சுடுவதில்லை. ஆணி முறிந்து ஏணி சரியுமாயின் பழி யாரைச் சாரும் என்ற வினாவும் அவ்வுழைப்போடு உடன்பிறந்ததே. மென்பொருள் என்னும் புதிய உற்பத்தித் துறையில் இவ்வினா முன்னில்லாத ஒரு கூர்மையைப் பெற்றுள்ளது. ஏனெனில், அங்கே இரவலாகப் பெறப்படும் உறுப்பு தேய்வதில்லை, துருப்பிடிப்பதில்லை. பத்தாண்டுகளுக்கு முன் எவ்வாறு இயங்கியதோ அவ்வாறே இன்றும் இயங்கும். எனினும் தீங்கு நேர்கின்றது. தேயாத பொருள் எங்ஙனம் பழுதாகின்றது, அப்பழுதுக்கு அறநிலையிற் கடப்பாடுடையவர் யார் என்பன பொறியியலாளருக்கு மட்டுமன்றி மெய்யியல் மாணவருக்கும் உரிய வினாக்களாம்.

மென்பொருளை உறுப்புகளாகச் செய்து, ஒருமுறை செய்த உறுப்பைப் பல இடங்களிற் பொருத்தலாம் என்ற எண்ணத்தைத் தெளிவானதொரு வேலைத்திட்டமாக முன்வைத்தவர் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் மக்கில்ரோய் ஆவார். 1968 ஒக்டோபரில், மேற்கு ஜேர்மனியின் கார்மிஷ் நகரில், நேற்றோ அமைப்பின் ஆதரவில் மென்பொருட் பொறியியல் பற்றிய மாநாடொன்று நடைபெற்றது. வன்பொருள் செய்வோர் பெருந்தொழிலாளராக வளர்ந்துவிட, மென்பொருள் செய்வோர் இன்னும் சிறுகுடில் உழவரின் நிலையிலேயே இருக்கின்றனர் என்பது அங்கு அவர் எழுப்பிய முறைப்பாடு. துல்லியம், வேகம், உறுதி என்பன குறிக்கப்பட்ட பட்டியலொன்றிலிருந்து தமக்கு வேண்டிய உறுப்பைச் செய்நிரலாளர் தெரிந்தெடுக்கக்கூடிய காலம் வரவேண்டும் என்றார். ஒரு கோணத்தின் சைன் பெறுமானத்தைக் கணிக்கும் சிறு செய்நிரல்கூட நூற்றுக்கணக்கான வகைகளிற் கிடைத்தல் வேண்டும் என்பது அவர் காட்டிய உதாரணம். அவரது கனவு அவர் எண்ணியதினும் பெரிதாக இன்று நிறைவேறியுள்ளது எனலாம். ஆயின் அவர் எண்ணிய வழியில் அன்று. தரமும் விலையும் குறித்து விற்கும் ஓர் உறுப்புத் தொழிலை அவர் எதிர்பார்த்தார். வந்து சேர்ந்ததோ பெரும்பாலும் விலையின்றி வழங்கப்படும் உறுப்புகளின் களஞ்சியம். உள்ளது உள்ளவாறே தரப்படுகின்றது, எவ்வித உத்தரவாதமும் இல்லை என்ற அறிவித்தல் அக்களஞ்சியத்தின் வாயிலிலேயே தொங்குகின்றது. இவ்வேறுபாட்டின் விளைவு பின்னர் நோக்கப்படும்.

உறுப்பு என்பது யாது? 1972இல் டேவிட் பார்னஸ் எழுதிய கட்டுரை இதற்குத் தந்த விடை இன்றும் செல்வாக்கிழக்கவில்லை. ஒரு செய்நிரலை அது ஆற்றும் வேலைகளின் வரிசைப்படி துண்டாடுதல் பொருத்தமன்று. மாறக்கூடிய ஒவ்வொரு தீர்மானத்தையும் ஓர் உறுப்பினுள் மறைத்து வைத்தலே பிரிப்பின் அளவுகோலாதல் வேண்டும் என்றார் அவர். உள்ளே நடப்பதை அறியாமலே வெளியிலுள்ளவர் அவ்வுறுப்பைப் பயன்படுத்தக்கூடியதாயிருத்தல் வேண்டும். இஃது அறியாமையையே ஓர் ஒழுங்காக மாற்றிய கருத்தாகும். ஒருவரையொருவர் அறியாத பல்லாயிரம் பேர் ஒரே பெரும்பணியிற் கூடியுழைக்க இவ்வொழுங்கே வழிவகுத்தது. ஆயின் அறவினாவின் வித்தும் இங்கேதான் உள்ளது. அறியாமலே பயன்படுத்தலாம் என்ற பொறியியல் விதி, அறிய வேண்டியதில்லை என்ற அறவிதியாக எளிதில் உருமாறி விடுகின்றது. முதலாவது பார்னசின் கருத்து, இரண்டாவது அவருடையதன்று. உண்மை நிலைமைகளிற் சோதித்துப் பார்க்க வழியில்லாத மென்பொருளை நம்பத்தக்கதென்று கொள்ள இயலாது எனக் காரணங்காட்டி, அமெரிக்காவின் விண்வெளிப் பாதுகாப்புத் திட்டத்துக்கான கணனி ஆலோசனைக் குழுவிலிருந்து 1985இல் அவர் விலகிக்கொண்டமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

சட்டவுலகம் இவ்வினாவை மென்பொருள் தோன்றுவதற்கு நெடுநாள் முன்னரே எதிர்கொண்டது. 1916இல் நியூயோர்க் மாநிலத்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பியூக் மோட்டார் நிறுவன வழக்கு சட்ட மாணவர் அனைவரும் அறிந்ததொன்று. ஓடிக்கொண்டிருந்த காரின் மரச்சில்லொன்றின் ஆரக்கால்கள் நொறுங்கின. காரின் உரிமையாளர் வெளியே வீசப்பட்டுக் காயமுற்றார். சில்லு பியூக் நிறுவனம் செய்ததன்று. வேறொரு தொழிற்சாலையிடம் வாங்கப்பட்டது. சோதித்திருப்பின் குறை புலப்பட்டிருக்கும் என்பதற்குச் சான்று இருந்தது, நிறுவனமோ சோதித்திருக்கவில்லை. முடிந்த பொருளைச் சந்தைக்கு அனுப்புபவர், அதன் உறுப்புகளைச் சாதாரணமான எளிய சோதனைகளுக்கேனும் உட்படுத்தும் கடமையினின்று விலகவியலாது எனத் தீர்ப்பெழுதினார் நீதியரசர் பெஞ்சமின் கார்டோசோ. உறுப்பை விலைக்கு வாங்கியவர், அதைப் பற்றிய கடமையை விற்றவரின் கடையிலேயே விட்டுவர முடியாது என்பதே அதன் சாரம். இந்நெறி மென்பொருளுக்கும் அப்படியே பொருந்துமெனத் தோன்றலாம். ஆனால் அது போதுமானதன்று. பியூக்கின் சில்லு கெட்ட சில்லு; எந்தக் காரிற் பூட்டினும் என்றோ ஒருநாள் அது நொறுங்கியிருக்கும். மென்பொருளின் வரலாற்றில் மிகவும் ஆராயப்பட்ட விபத்துகளுள் ஒன்றிலோ, கெட்டுப்போன உறுப்பு எனச் சுட்டிக்காட்ட எதுவும் இருக்கவில்லை.

1996 யூன் 4ஆந் திகதி, பிரெஞ்சுக் கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ஏவூர்தி தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 40 செக்கன்களில், ஏறக்குறைய 3,700 மீற்றர் உயரத்தில், அது திசைமாறி உடைந்து வெடித்தது. பூமியின் காந்தமண்டலத்தை ஆராயவென ஏற்றப்பட்டிருந்த கிளஸ்டர் செய்மதிகள் நான்கும் அழிந்தன. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைச் சபை யூலை 19இல் தன் அறிக்கையை அளித்தது. ஊர்தியின் சாய்வையும் அசைவையும் அளந்தறிவிக்கும் சடத்துவ அளவைத் தொகுதியின் மென்பொருள், முந்திய ஏரியான் 4இலிருந்து எடுத்தாளப்பட்டது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை, 64 இரும இலக்கங்களில் அமைந்த வடிவிலிருந்து 16 இலக்கங்களில் அடங்கும் முழுவெண்ணாக அது மாற்றியது. அவ்வளவு இடத்தில் 32,767இலும் பெரிய எண் கொள்ளாது. ஏரியான் 4இன் பறப்பில் அவ்வெண் அந்த எல்லையை எட்டியதேயில்லை. ஏரியான் 5இன் கிடைவேகமோ தொடக்கத்தில் ஐந்து மடங்கு விரைவாக வளர்ந்தது. எண் தன் கலத்தில் அடங்காது போயிற்று. தொகுதி பழுதென அறிவித்துத் தன்னை நிறுத்திக்கொண்டது. காவலுக்கென வைக்கப்பட்டிருந்த மற்றைய தொகுதியிலும் அதே மென்பொருளே இருந்தமையால், அது கணநேரம் முன்னதாகவே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. பழுதறிக்கையாக வெளிவந்த இலக்கங்களைப் பறப்புத் தரவெனக் கொண்ட மையக் கணனி, இல்லாத விலகலொன்றைத் திருத்த முற்பட்டு ஊர்தியை வளைத்தது.

அறிக்கையை மேலும் நுணுகி நோக்குமிடத்து வேறு இரு செய்திகள் தென்படுகின்றன. அந்தக் கணிப்பு, ஏரியான் 5 நிலத்தை விட்டெழுந்த பின்னர் எவ்விதப் பயனுமற்ற ஒன்று. புறப்பாட்டுக்கான எண்ணிக்கை இறுதி நேரத்தில் தடைப்படின் விரைவில் மீளத் தொடங்குவதற்கென ஏரியான் 4இல் அது சிறிது நேரம் தொடர்ந்து இயங்குமாறு வைக்கப்பட்டிருந்தது; 1989இல் ஒருமுறை பயன்பட்டதும் உண்டு. புதிய ஊர்திக்கு அத்தேவை இல்லை. நன்றாக இயங்கியதை அவசியமின்றி மாற்றுதல் அறிவுடைமையன்று என்ற எண்ணத்தினாலேயே அது விடப்பட்டது. மற்றைய செய்தி இன்னும் முக்கியமானது. தொகுதியின் கணனி தன் ஆற்றலில் 80 சதவீதத்துக்கு மேற் சுமக்கலாகாது என்ற இலக்கினால், எல்லை மீறக்கூடிய ஏழு மாறிகளுள் நான்கிற்கு மட்டுமே காப்பு அளிக்கப்பட்டது. மூன்று காப்பின்றி விடப்பட்டன. அவை எல்லையை மீறா என்பதற்கு ஏரியான் 4ஐப் பொறுத்தவரை நியாயம் இருந்தது. ஆயின் அந்நியாயம் செய்நிரலினுள் எழுதிவைக்கப்படவில்லை. தீர்மானம் உறுப்பினுள் மறைந்தது. அத்தீர்மானம் எந்த நிபந்தனையின் கீழ்ச் சரியானதோ அந்நிபந்தனையும் அதனோடு மறைந்துபோயிற்று.

இங்கே தவறிய உறுப்பு எது? மென்பொருள் தான் செய்யுமாறு பணிக்கப்பட்டதையே செய்தது. பொறி உடையவில்லை. காப்பைத் தவிர்த்தவர்கள் தம் காலத்து ஊர்திக்கு ஏற்றதையே தீர்மானித்தனர். ‘இவ்வெண் 16 இலக்கங்களில் அடங்கும்’ என்ற எடுப்பு ஏரியான் 4ஐப் பற்றி மெய்யானது. ஏரியான் 5ஐப் பற்றிப் பொய்யானது. சொற்கள் மாறவில்லை, அவை சுட்டிய பொருள் மாறிவிட்டது. தேயாத பொருள் பழுதாகும் விதம் இதுவே. மென்பொருள் உறுப்பின் நன்மையும் தீமையும் அதனுள் உறைவன அல்ல. உறுப்புக்கும் அது வைக்கப்படும் இடத்துக்கும் இடையிலான உறவில் உறைவன. அவ்வாறாயின் கடப்பாடும் உறவை ஏற்படுத்தியவரையே முதலிற் சாரும். செய்தவருக்குப் பழைய இடம் தெரியும். வருங்காலத்தில் தம் உறுப்பு சென்று சேரப்போகும் இடங்கள் அனைத்தையும் அவர் அறிதல் இயலாது. இணைப்பவர் ஒருவரே புதிய இடத்தை அறிந்தவர், பழைய இடத்தைப் பற்றிக் கேட்டறியக்கூடியவரும் அவரே. ஏரியான் 5இன் பறப்புப்பாதைத் தரவு அந்தத் தொகுதிக்கான தேவைக் குறிப்புகளிற் சேர்க்கப்படவேயில்லை என விசாரணைச் சபை கண்டது. கேட்கப்படாத வினாவுக்கு உறுப்பு எவ்வாறு விடை தரும்?

கதிர்ச்சிகிச்சைப் பொறியான தெராக் 25இன் வரலாறு இவ்வுண்மையின் மற்றொரு முகத்தை, மேலும் கொடிய வடிவிற் காட்டுகின்றது. கனடாவில் உருவாக்கப்பட்ட இப்பொறி, 1985 யூன் முதல் 1987 சனவரி வரை, கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் ஆறு புற்றுநோயாளருக்கு அளவுக்கு மிகமிக அதிகமான கதிர்வீச்சைச் செலுத்தியது. உயிரிழந்தவரும் அவருள் உளர். அதன் மென்பொருள் முந்திய தெராக் 6, தெராக் 20 ஆகியவற்றின் மென்பொருளிலிருந்து எடுத்த பகுதிகளைக் கொண்டிருந்தது. முந்திய பொறிகள் இத்தகைய பழியைச் சுமக்காதவை. ஆதலின் மென்பொருள் ஐயத்துக்கு அப்பாற்பட்டதெனக் கொள்ளப்பட்டது. நான்சி லெவசன், கிளார்க் ரேணர் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வு இந்நம்பிக்கையின் அடித்தளத்தை வெளிக்கொணர்ந்தது. தெராக் 20இலும் அதே வழு இருந்தது. சிக்காகோவிற் பல்கலைக்கழகம் சார்ந்த சிகிச்சை நிலையமொன்றில், புதிய மாணவர் பயிற்சிக்கு வரும் பருவந்தோறும் தெராக் 20இன் உருகிகள் எரிந்துபோவது வழக்கமாயிருந்தது. அனுபவமற்ற மாணவர் விசைகளைத் தாறுமாறாக அழுத்தியமையால் வழு வெளிப்பட்டது. ஆயின் அப்பொறியில் மென்பொருளைச் சாராத காவல்கள் தனியே அமைந்திருந்தமையால் உருகி எரிவதோடு காரியம் முடிந்தது. தெராக் 25இல் அக்காவல்கள் கைவிடப்பட்டு, அவற்றின் வேலையும் மென்பொருளிடமே ஒப்படைக்கப்பட்டது. பல்லாண்டு நற்பெயர் மென்பொருளுக்கு உரியதன்று, உருகிக்கு உரியது.

நேற்றுவரை நடந்தது நாளையும் நடக்கும் என்பதற்குத் தருக்கமுறையான நிறுவல் இல்லை என்று 18ஆம் நூற்றாண்டிலேயே டேவிட் ஹியூம் வாதித்தார். அன்றாட வாழ்வில் அவ்வையத்தைப் பொருட்படுத்துவோர் இலர். பொருட்படுத்தின் ஒருவரும் படியிறங்க முடியாது. ஆனால் இரவலுறுப்பின் விடயத்தில் ஐயம் வெறும் தத்துவ விளையாட்டன்று. அங்கே ‘நேற்று’ என்பது வேறோர் இடம். லியோன்ஸ் சபையும் இதனையே வேறு விதமாக எடுத்துரைத்தது: மென்பொருளைப் பிழையெனக் காட்டப்படும்வரை சரியெனக் கொள்ளும் மனப்பாங்கினும், சரியெனக் காட்டப்படும்வரை பிழையுடையதெனக் கொள்ளும் மனப்பாங்கே ஏற்புடையது என்பது அதன் கருத்து.

இவ்விடத்து ஒரு வலிய தடை எழுப்பப்படலாம். இன்றைய சாதாரணச் செய்நிரல்கூட நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரக்கணக்கான, பிறர் உறுப்புகளின் மேல் நிற்கின்றது. அவற்றை முற்றாக வாசித்தறிய ஒருவருடைய ஆயுள் போதாது. வாசித்தாலும் பயனில்லை என்பதை யுனிக்ஸ் இயக்க முறைமையை ஆக்கியவர்களுள் ஒருவரான கென் தொம்சன், ரியூரிங் பரிசுப் பேருரையாக 1984இல் வெளிவந்த கட்டுரையிற் காட்டினார். எழுதப்பட்ட செய்நிரலில் ஒரு கள்ளமும் இல்லாதிருக்க, அதனைப் பொறிமொழிக்கு மாற்றும் தொகுப்பியே கள்ளத்தை ஒளித்து வைக்கலாம். முடிவில் நம்பவேண்டியிருப்பது எழுத்தையன்று, எழுதிய மனிதரை. இயலாதது கடமையாகாது என்பது அறவியலின் பழைய விதி. எல்லாவற்றையும் அறிதல் இயலாதாயின், அறியாமைக்காக இணைப்பவரைக் குறைகூறுதல் எங்ஙனம் நியாயமாகும்?

தடை வலியதே, ஆயின் அது அறிதலின் இரு வகைகளை ஒன்றெனக் கொள்வதால் எழுவது. உறுப்பின் உள்ளமைப்பை அறிதல் வேறு. அதன் வாக்குறுதி எந்த நிபந்தனைகளின் கீழ்ச் செல்லும் என்பதை அறிதல் வேறு. முன்னதை மறைக்கவே உறுப்பு என்ற ஒழுங்கு தோன்றியது. பின்னதை மறைப்பதற்கு எவ்வித நியாயமும் இல்லை, கேளாதிருப்பதற்கும் இல்லை. ஏரியானின் மென்பொருளை வரிவரியாக எவரும் வாசித்திருக்க வேண்டியதில்லை. புதிய ஊர்தியின் பறப்புப்பாதையை நிலத்திலேயே ஒருமுறை அத்தொகுதிக்கு ஊட்டிப் பார்த்திருப்பின் பழுது வெளிப்பட்டிருக்கும். அஃது இயலாத காரியமன்று, செய்யப்படாத காரியம். நிபந்தனைகளை அறிய வழியே இல்லாத இடத்திலும் கடமை முற்றாக ஒழிந்துவிடாது. அறியாத உறுப்பு தவறினால் தவறு உயிரைத் தொடாதவாறு இடையிலே ஓர் உருகியை வைக்கலாம். அதுவும் இயலாதெனின், அவ்வுறுப்பை அவ்விடத்தில் வையாதிருக்கலாம். பார்னஸ் 1985இல் தெரிந்தெடுத்த வழி இவ்விறுதி வழியே.

பலர் கைபட்ட வேலையில் எவருடைய கையும் கறைபட்டதாகத் தோன்றுவதில்லை என்ற சிக்கலை மெய்யியலாளர் ஹெலன் நிசென்போம் 1996இல் கணனியுலகை முன்வைத்து ஆராய்ந்தார். உறுப்புகளின் எண்ணிக்கை பெருகப் பெருக இச்சிக்கலும் தடிக்கின்றது. கடப்பாடு பங்கிடப் பங்கிடக் குறையும் சோறன்று என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பத்துப் பேர் பொறுப்பாளராயிருப்பின் ஒவ்வொருவரும் பத்திலொரு பங்கே பொறுப்பாளர் என்றாகாது. பியூக் வழக்கில், சில்லு செய்தவரின் குறை காரைச் செய்தவரின் கடமையைச் சிறிதும் குறைக்கவில்லை.

இனி, முன்னர் ஒத்திவைத்த செய்தி. மக்கில்ரோய் எதிர்பார்த்த சந்தைக்குப் பதிலாகக் கொடை வந்தது. கொடுப்பவர் உத்தரவாதம் தருவதில்லை. பெறுபவர் விலை தருவதில்லை. 2016 மார்ச்சில் இக்கொடையின் இயல்பு ஒரு நாளில் வெளிச்சமாயிற்று. எழுத்துத்தொடரொன்றின் இடப்புறத்தை வெற்றிடங்களால் நிரப்பும், பதினொரு வரிகளேயுள்ள சிறிய உறுப்பொன்றை, அதன் ஆசிரியர் வேறொரு பிணக்குக் காரணமாகப் பொதுக் களஞ்சியத்திலிருந்து மீட்டுக்கொண்டார். உலகெங்கும் அதன்மேல் நின்ற எண்ணற்ற மென்பொருள்களின் ஆக்கம் தடைப்பட்டது. அவற்றுட் பலவற்றின் ஆசிரியர்களுக்கு அப்படியோர் உறுப்பு இருப்பதே அன்றுதான் தெரிந்தது. சிலர் அவரைத் துரோகி என்றனர். இச்சொல் பொருந்துமா? நம்புதலையும் சார்ந்திருத்தலையும் வேறுபடுத்தி 1986இல் எழுதிய அனெற் பாயர் தரும் உதாரணம் இங்கு உதவும். கான்ற் உலாப்போகும் நேரத்தைக் கடிகாரமாகக் கொண்ட அயலவர், அவர் ஒருநாள் உறங்கிவிட்டால் ஏமாற்றமடைவர். ஆனால் அவர் தம்மைக் கைவிட்டார் எனச் சொல்லவியலாது. அவர் அவர்களுக்கு எதையும் வாக்களித்திருக்கவில்லை. கொடையாளரின் வழக்கத்தைத் தம் கடிகாரமாக்கிக்கொண்டவர் மணி பிந்தியதற்கு அவரைக் கோபிக்க உரிமையற்றவர்.

ஆனால் கொடை பெற்றவருக்குக் கொடையாளர் மீது ஒரு கடன் உண்டு. இதனை இணையப் பாதுகாப்பின் அத்திவாரமான ஓப்பின் எஸ்எஸ்எல் உறுப்பின் வரலாறு உணர்த்தும். 2014 ஏப்பிரலில், இரண்டு ஆண்டுகளாக அதனுள் இருந்த பாரிய வழுவொன்று வெளிப்பட்டபோது, உலகின் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் சார்ந்திருந்த அவ்வுறுப்பைப் பேணியோர் மிகச் சிலரே என்பதும், முழுநேரமாக அதிற் பணியாற்றியவர் ஒருவரே என்பதும் தெரியவந்தன. அதன் பின்னரே பெருநிறுவனங்கள் பணமுதவ முன்வந்தன. இலவசமாகக் கிடைத்ததற்கு விலையில்லை என்று எண்ணியவர்கள், அவ்விலையை வேறொருவர் தம் உறக்கத்திலிருந்து செலுத்திவந்ததைக் காணவில்லை.

இலங்கையிற் பிறந்த கொடையொன்றும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 2004 டிசெம்பர் 26 கடற்கோளின் பின்னர், காணாமற்போனோரையும் இடம்பெயர்ந்தோர் முகாம்களையும் உதவி நிறுவனங்களையும் பதிவுசெய்ய இந்நாட்டின் தொண்டர்கள் அவசரமாக ஆக்கிய ‘சஹானா’ என்னும் மென்பொருள், 2005இல் பாக்கிஸ்தானின் நிலநடுக்கத்தின்போதும் பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. ஓர் அனர்த்தத்துக்கென ஆக்கியதை அப்படியே அடுத்ததற்கு அனுப்புவது போதாதென உணர்ந்தமையால், எவ்வனர்த்தத்துக்கும் ஏற்குமாறு அது மீள ஆக்கப்பட்டது. கடலோரக் கிராமத்துக்குச் சரியானது மலைநாட்டுக்குச் சரியாகுமா எனச் செய்தவரே கேட்டுக்கொண்ட அரிய சந்தர்ப்பம் அது.

சட்டமும் இத்திசையில் மெல்ல நகர்கின்றது. 2024 டிசெம்பர் 10இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத்தாங்குதிறன் சட்டம், பிறர் உறுப்புகளைத் தம் பொருளிற் சேர்க்கும் உற்பத்தியாளர் தக்க கவனம் செலுத்த வேண்டுமெனக் கூறுகின்றது. வணிக நோக்கமின்றித் திறந்த மூலநிரல் வழங்குவோர் மேல் அச்சுமையை ஏற்றவில்லை. அதன் முதன்மையான கடப்பாடுகள் 2027 டிசெம்பர் 11 முதல் பொருந்தும். கார்டோசோவின் சில்லு நூறாண்டு கடந்து மென்பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. எனினும் தக்க கவனம் என்பதன் எல்லை யாது என்பதை எச்சட்டமும் வரைந்துவிட முடியாது.

2024 மார்ச் மாத இறுதியில் அன்ரெஸ் பிரொயிண்ட் என்னும் பொறியியலாளர் வேறொரு வேலைக்கென நேர அளவைகளை எடுத்துக்கொண்டிருந்தார். தூரக் கணனியொன்றினுள் நுழைவதற்கு வழமையிலும் ஏறத்தாழ அரைச் செக்கன் கூடுதலாகச் செல்வதைக் கண்டார். அதன் காரணத்தைத் தேடிச்சென்றபோது, தரவுகளைச் சுருக்கும் எக்ஸ்இசற் என்னும் உறுப்பினுள் திட்டமிட்டு வைக்கப்பட்ட கள்ளவாயிலொன்று அகப்பட்டது. களைத்துப்போன பராமரிப்பாளர் ஒருவருக்கு ஈராண்டுகளுக்கு மேலாகப் பொறுமையோடு உதவி, அவரது நம்பிக்கையைப் பெற்ற புனைபெயருடைய ஒருவரால் அது வைக்கப்பட்டிருந்தது. அது கண்டறியப்படாதிருப்பின் உலகின் ஏராளமான சேவைக் கணனிகளிற் குடியேறியிருக்கக்கூடும். பிரொயிண்ட் அவ்வுறுப்பைச் செய்தவருமல்லர், பேணியவருமல்லர். அந்த அரைச் செக்கனுக்கு விளக்கம் கேட்குமாறு அவரை எவரும் பணித்திருக்கவுமில்லை.